ஜாகுவார் எக்ஸ்கே 120

சாந்தோம் நெடுஞ்சாலையில், பேராலயத்தைக் கடந்து விரையும் இன்றைய சொகுசுக் கார்களைத் திரும்பிப் பார்க்கும் கண்கள், அவற்றுக்கெல்லாம் மூதாதையான இந்த வண்டியின்மீதும் சற்றே தங்கட்டும். 1948-ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வில்லியம் லயன்ஸ் உலகின்முன் வைத்த இந்த சிருஷ்டியில், வேகமும் சௌந்தர்யமும் ஒன்றையொன்று பிரியாமல் இணைந்திருப்பதே மோட்டார் ரசிகர்களின் தீராத பரவசத்துக்குக் காரணம். பெயரிலுள்ள 120, மணிக்கு 120 மைல், அதாவது சுமார் 193 கிலோமீட்டர் வேகத்தைக் குறிப்பது. ஆறு சிலிண்டர்களும் 3.4 லிட்டர் கொள்ளளவும் உடைய இதன் யந்திரமோ, 1949-இல் பெல்ஜியத்துச் சாலையொன்றில் 132 மைலையும் தாண்டிற்று.

முகப்பு விளக்குகளினின்று எழுந்து, கதவருகே தாழ்ந்து, பின்சக்கரத்தின்மேல் மீண்டும் உயரும் அந்த ஒற்றைக் கோட்டை நிதானமாகப் பாருங்கள். அதன் ஓட்டத்தைக் கெடுக்கலாகாது என்பதுபோல், திறந்த மாதிரியின் கதவுகளுக்கு வெளிக் கைப்பிடியே இல்லை, கையை உள்ளே விட்டுத்தான் திறக்கவேண்டும்.

சென்னைக்கு இந்த மோகம் புதிதன்று. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், யுத்தகால விமான ஓடுதளமாயிருந்த சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனப் பாதை கண்டது. ஜாகுவார் நிறுவனமும் 2008 முதல் டாடா குழுமத்துக்கே உரியது.