ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

ஐப்பசி, கார்த்திகையில் பூம்புகார்ப் பக்கம் மழையும் கடற்காற்றும் மின்தடையும் சேர்ந்தே வரும். சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்கான கெடு நெருங்குவதும் அதே நாட்களில்தான். சிட்டாவும் அடங்கலும் கையில் வைத்துக்கொண்டு சேவை மையத்து வாசலில் ஆட்கள் நிற்பார்கள். உள்ளே கணினி நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுபோகும். அப்போது யாராவது சொல்வார்கள்: "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுடலாம்."

இந்தப் பேச்சில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. நின்றுபோகும் கணினிகளில் டிஸ்க் நன்றாகவே இருப்பவை ஏராளம். டிஸ்க் உண்மையிலேயே கெட்டிருந்தாலோ, ஃபார்மட் என்பது அதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல்.

முதல் தவறுக்கு உலகம் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பிழையான புதுப்பிப்புக் கோப்பு ஒன்றை அனுப்பியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை கணினிகளிலும் டிஸ்க் பழுதில்லை. சேஃப் மோடில் திறந்து அந்த ஒரு கோப்பை அழித்ததும் அவை எழுந்துகொண்டன. அவசரப்பட்டு ஃபார்மட் அடித்தவர்களுக்குத்தான் நஷ்டம்.

ஆகவே கணினி நின்றால் முதலில் கேட்க வேண்டியது, இதில் இருப்பவற்றில் வேறெங்கும் இல்லாதது எது என்பதைத்தான். ஸ்டுடியோக்காரருக்குப் போன வாரத்துக் கல்யாணப் படங்கள், உரக்கடைக்காரருக்குக் கடன் கணக்கு, மாணவிக்கு ப்ராஜெக்ட். அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும். விண்டோஸ் திறக்கவில்லை என்பதால் கோப்புகள் போய்விட்டன என்று ஆகாது. டிஸ்க்கைக் கழற்றி, சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கேபிளில் இன்னொரு கணினியோடு இணைத்தால் பெரும்பாலும் டி டிரைவ் அப்படியே தெரியும். கழற்றத் தெரியாதவர்கள் பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கிக் கோப்புகளை நகலெடுக்கலாம்.

ஒரு விலக்கு உண்டு. டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை அவற்றுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்த முனை கெட்டோ தட்டில் உரசியோ இருந்தால், ஓட விடும் ஒவ்வொரு நிமிடமும் படங்களைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கும். வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கும் இதே கதைதான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதுபோல் இன்னொரு முறை கொட்டி, கேபினெட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், காயவைத்து ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். தரவு மீட்கும் நிலையத்திடம் அப்படியே கொடுப்பதே வழி.

இனி பழுதுக்கு வருவோம். நம் பகுதியில் நான் முதலில் சந்தேகப்படுவது கரண்டைத்தான். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துவது, காற்றில் கம்பி உரசி நிற்பது, பிறகு குறைந்த வோல்டேஜோடு திரும்பி வருவது என்று டெல்டாவின் கிராமங்களில் கணினிக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்ற சிவப்புக் குறி வரிசையாக நிற்கும். இதையே நோயின் பெயர் என்று நினைத்து மதர்போர்டை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அந்த 41 எதையும் சொல்வதில்லை. கரண்ட் போன நேரமும் அந்தக் குறியின் நேரமும் ஒத்துப்போனால் யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போதே வந்தால், கணினிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். அதே பட்டியலில் 'டிஸ்க் 7' என்று இருந்தால் பேட் பிளாக் என்று பொருள். அதுதான் டிஸ்க்கின் வாக்குமூலம்.

அடுத்தது மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரி, சிஆர் 2032. எட்டணாப் பொருள்போல் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் 'விண்டோஸ் போடணும்' என்று தூக்கிக்கொண்டு போகும் பல டெஸ்க்டாப்களில் இதுதான் குற்றவாளி. 3 வோல்ட் பேட்டரி இது. சுவர் ஸ்விட்ச்சில் கரண்ட் இருக்கும்வரை இதற்கு வேலை மிகக் குறைவு. இடிக்கும் மின்னலுக்கும் பயந்து இரவில் பிளக்கையே பிடுங்கிவிடுவது நம் வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த நேரம் முழுக்கக் கடிகாரத்தை ஓட்டுவது இந்தப் பேட்டரி. சில வருடங்களில் தீர்ந்துபோகும்.

தீர்ந்தால் முதலில் தேதி தவறும். காலையில் திறந்தால் பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். அரசுத் தளமும் வங்கித் தளமும் திறக்காது. நெட் பழுது என்று நினைத்து மோடத்தைப் போட்டுத் தட்டிக்கொண்டிருப்போம். தேதியைத் திருத்தினால் அன்றைக்கு வேலை ஓடும்.

அதைவிடப் பெரிய வினை, கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸில் நடக்கிறது. பழைய மதர்போர்டுகளில் பேட்டரி செத்ததும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும். அதில் 'சாட்டா மோட்' என்று ஒன்று உண்டு: ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு என மூன்று நிலைகள். டிஸ்க்கோடு மதர்போர்டு எந்த முறையில் பேச வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. விண்டோஸ் நிறுவியபோது ஏஹெச்சிஐயில் இருந்தது, இப்போது ஐடிஇக்குப் போய்விட்டது என்றால், விண்டோஸ் தொடங்கும்போது டிஸ்க்கைப் பிடிக்கத் தெரியாமல் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத் திரையோடு நின்றுவிடும். பழைய விண்டோஸ் 7ல் இதே கோளாறு 7பி என்ற எண்ணாக வரும். டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இருக்காது. பயாஸுக்குள் போய்ப் பழைய நிலைக்கு மாற்றினால் கணினி எழுந்துகொள்ளும். 'பூட் டிவைஸ் இல்லை' என்று வெறும் கருப்புத் திரை வந்தால் லெகசி, யுஇஎஃப்ஐ என்ற பூட் முறை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியை மாற்றாவிட்டால் அடுத்த வாரமும் இதே கூத்து நடக்கும். மல்ட்டிமீட்டரில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் பேட்டரியைத் தயங்காமல் மாற்றிவிடலாம்.

கணினி நன்றாக ஓடும்போதே பயாஸ் பக்கங்களை ஒருமுறை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாட்டா மோடை நீங்களே மாற்ற விரும்பினால் நேராகப் பயாஸில் கை வைக்காதீர்கள். முதலில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷ'னில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை திறந்தால் விண்டோஸ் தேவையான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். அதன் பின் சேஃப் பூட்டை எடுத்துவிடலாம். இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து உண்மையான ரெய்டு அமைத்திருக்கும் கணினியில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டு வருவது இப்போது சகஜம். பயாஸில் கை வைத்தால் 48 இலக்கப் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவியை முன்பே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

மின்தடையோடு தொடர்புள்ள அமைப்பு விண்டோஸுக்குள்ளும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பிராப்பர்ட்டீஸுக்குள் 'பாலிசீஸ்' பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது ரைட் கேச்சிங். நீங்கள் சேமிக்கும் கோப்பு உடனே தட்டில் எழுதப்படாமல் தற்காலிக நினைவகத்தில் சற்றுக் காத்திருக்கும். கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்து வைத்த நெல் மாதிரி. இன்னும் குடோனுக்குப் போகவில்லை, அதற்குள் மழை வந்தால் நனைந்ததுதான். இந்த முதல் கட்டம் வேகத்துக்குத் தேவை, இருக்கட்டும். இரண்டாவது கட்டம், காத்திருப்பதை அவ்வப்போது தட்டுக்கு அனுப்பும் வேலையையே நிறுத்துவது. வேகம் கூடும் என்று யாராவது சொல்வதைக் கேட்டு அதில் டிக் போடாதீர்கள். கரண்ட் நிற்கும் ஊரில் அது கணக்குப் புத்தகத்தையே கிழித்துவிடும்.

கடலோரத்துக்கே உரிய இன்னொரு தொல்லை உப்பு. சாட்டா கேபிளின் முனைகளிலும் ராம் காலிலும் மெல்லிய பாசிபோல் துரு படியும். கணினி நடு வேலையில் உறைந்து, ஒரு நிமிடம் கழித்துத் தானாக ஓடத் தொடங்கினால் முதலில் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். பிறகு புதுக் கேபிள் போடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். வரிசை எண்களை அது பதினாறு அடிப்படையில் காட்டுவது உண்டு. அப்போது 199 என்பது சி7 என்று தெரியும். அந்த வரிசையில் உள்ள எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் தகவல் போகும் வழியில் கோளாறு: கேபிள் அல்லது இணைப்பு. 5, 197, 198 ஆகியவை ஏறினால் தட்டில் கோளாறு. 5 என்பது கெட்ட செக்டருக்குப் பதிலாக மாற்று செக்டர் போட்ட கணக்கு. 197 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள். ஒரே எண்ணில் மாதக்கணக்கில் நின்றால் பொறுக்கலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் நம்பி வைக்கக்கூடாது.

சி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் 'டூல்ஸ்' போய் 'செக்' கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் 197 ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டினால், சாகும் நிலையில் இருப்பதை மணிக்கணக்கில் ஓடவைத்ததாகும். நகலெடுத்த பிறகே ஓட்டுங்கள். இதெல்லாம் சுத்தமாக இருந்தும் வேறு வேறு நீலத் திரை வருகிறது என்றால், விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கில் ராமைச் சோதியுங்கள். விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2011 செப்டம்பர் 15ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த கருவிகள் இன்னும் பல வீடுகளில் உழைக்கின்றன. ஆரம்ப கால லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்படி இரண்டு இயங்குதளம் உள்ள கருவியில் பின்னாளில் விண்டோஸ் 10 ஏற்றியிருந்தால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அமைப்பை நிறுத்துங்கள். அது இருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் இந்த அமைப்பு இருக்கிறது. பழைய சுழலும் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் அந்த லேப்டாப்புக்கு மறுபிறவிதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால், அவற்றில் இனி லினக்ஸே போடலாம் என்பது என் கருத்து.

டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும் என்று ஆனால், பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். சேவை மையத்து டிஸ்க்கில் ஊரார் ஆதார் அட்டையும் பட்டாவும் வங்கிப் புத்தகமும் ஸ்கேன் செய்து கிடக்கும். குயிக் ஃபார்மட் அட்டவணையை மட்டும்தான் அழிக்கிறது. உள்ளே இருப்பதை மீட்டெடுக்க இலவச மென்பொருளே போதும். ஓடும் டிஸ்க் என்றால் குயிக் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள், அது எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதும். ஓடாத டிஸ்க் என்றால் மூடியைக் கழற்றித் தட்டுகளை டிரில்லால் துளைத்த பிறகே பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள்.