ஆஸ்பத்திரி ஸ்மார்ட் கட்டில்: அலாரம் அடிக்கும், ஓடி வர ஆள் வேணும்

ராத்திரி இரண்டரை மணி. வார்டில் பாதி விளக்கு அணைஞ்சிருக்கு. நிமோனியாவுக்காகச் சேர்த்திருக்கும் உங்க அப்பாவுக்கு 76 வயசு, கையில் ட்ரிப்ஸ் ஏறுது. கட்டில் பக்கத்துல பாய் விரிச்சு நீங்க படுத்திருக்கீங்க. காலையில் மாடம்பாக்கத்துல இருந்து வேலைக்கு, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குன்னு ரெண்டு நாளா இதே ஓட்டம். அப்பாவுக்குப் பாத்ரூம் போகணும். உங்களைக் கூப்பிடலாம், ஆனா கூப்பிட மாட்டார். "பாவம், இப்பத்தான் கண்ணசந்தான்" என்று நினைச்சுக்கிட்டு, தானே மெதுவாகக் காலைக் கீழே இறக்குவார்.

மருத்துவமனையில் வயதானவர்கள் விழுவது நிறைய நேரம் இப்படித்தான் நடக்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போதே நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். இப்போ உங்க தெருவையே ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்க, எத்தனை வீட்டில் ஒரு வாக்கரோ கைத்தடியோ இருக்கிறது என்று தெரியும்.

இதற்கு விடையாகத்தான் 'ஸ்மார்ட் பெட்' என்ற பேச்சு வருகிறது. பெரிய மருத்துவமனைகளின் ஐசியூ-வில் மோட்டார் வைத்த கட்டிலைப் பார்த்திருப்பீங்க. அதில் சில கட்டில்களுக்கு எடை பார்க்கவும் தெரியும். ரேஷன் கடை மின்னணுத் தராசில் இருக்கிற 'லோட் செல்' என்ற அதே உணரிதான் கட்டிலின் நான்கு மூலைகளிலும் இருக்கும். நான்கு மூலைகளிலும் எவ்வளவு பாரம் என்று ஒப்பிட்டால் படுத்திருப்பவர் நடுவில் இருக்கிறாரா, ஓரத்துக்கு நகர்ந்துட்டாரா, எழுந்தே போயிட்டாரா என்பது கட்டிலுக்குத் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் மூன்று நிலையில் அலாரம் வைக்கலாம். முதல் நிலையில் நோயாளி புரண்டு எழ முயன்றாலே சத்தம் வரும். இரண்டாவதில் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தால் வரும். மூன்றாவதில் எடை கட்டிலை விட்டு இறங்கிய பிறகுதான் வரும். இந்த மூன்றாவது நிலையில் வைத்திருந்தால் சத்தம் கேட்கும்போது நோயாளி ஏற்கெனவே காலில் நின்றுகொண்டிருப்பார். சிஸ்டர் வார்டின் அந்தக் கடைசியில் இருந்தால் ஓடி வர எத்தனை நொடி ஆகும்? அதனால் எந்த நிலையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது உங்க உரிமை. "சிஸ்டர், அலாரம் எதுக்கு அடிக்கும்? எந்திரிச்சாலா, உட்கார்ந்தாலா?" என்று கேட்டால் போதும், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

இன்னொரு சின்ன விஷயம் இருக்கு. காலிக் கட்டிலை பூஜ்யமாக்கிவிட்டுத்தான் நோயாளியைப் படுக்க வைப்பார்கள். அதற்குப் பிறகு நீங்க பிளாஸ்க், துணிப் பை, பழம் கொண்டுவந்த கூடை எல்லாத்தையும் கால்மாட்டில் வைத்தால் கணக்கு குழம்பும். அப்பா எழுந்து போனாலும் கட்டில் வேறு எடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நாலு பேர் கட்டிலில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். அலாரம் சும்மா சும்மா அடிக்கிறது என்று அதை நிறுத்தி வைத்துவிட்டு, மறுபடி ஆன் பண்ண மறந்துபோவதும் உண்டு.

எடை பார்க்காத இன்னொரு வகை, மெத்தைக்கு அடியில் விரிக்கிற மெல்லிய உணரித் தாள். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் உடம்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அதிரும், அந்த அதிர்வைப் பிடித்து இதயத்துடிப்பையும் மூச்சையும் இது கணக்கிடுகிறது. பெங்களூரில் 2015இல் தொடங்கிய டோஸீ இந்த வகைக் கருவியைச் செய்யும் நம் நாட்டு நிறுவனம். இதில் பழைய கட்டிலே போதும், உடம்பில் வயர் எதுவும் ஒட்ட வேண்டாம். நோயாளியின் நிலைமை மோசமாகப் போகிறதா என்று கவனிக்க இது உதவும். ஆனால் அது வேறு வேலை, விழாமல் தடுப்பது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு "மெஷின் பார்த்துக்கும்" என்று வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க.

சரி, அலாரக் கட்டில் இருந்தால் விழுவது குறையுமா? அமெரிக்காவில் மெம்பிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். 16 வார்டுகளில், 27,672 நோயாளிகளைச் சேர்த்து, ஒன்றரை ஆண்டு நடந்த ஆய்வு அது, முடிவு 2012இல் வெளியானது. பாதி வார்டுகளில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அலாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்த வைத்தார்கள். பயன்பாடு பல மடங்கு கூடியது. விழுந்தவர்களின் எண்ணிக்கையில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

அதே நாட்டில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் மூன்று மருத்துவமனைகளில் வேறொன்றைச் செய்தார்கள். கட்டிலருகே ஒரு தாள் ஒட்டினார்கள். இந்த நோயாளி ஏன் விழக்கூடும், அதற்கு என்ன செய்யணும் என்பது அதில் படத்தோடு இருக்கும். முக்கியமானது தாள் இல்லை, அதை நிரப்பிய விதம்தான். சிஸ்டர் தனியாக நிரப்பவில்லை, நோயாளியையும் குடும்பத்தாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சேர்ந்து நிரப்பினார். 37,231 நோயாளிகளிடம் பார்த்தபோது விழுவது 15 சதவீதமும், விழுந்து அடிபடுவது 34 சதவீதமும் குறைந்தது. இது 2020இல் வெளியான முடிவு. லட்சக்கணக்கில் விலை போகிற கட்டிலைவிட இந்தத் தாள் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அலாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசாமல் விட்டதை அலாரம் சரிசெய்யாது.

என்ன பேசணும்? மருத்துவமனையில் சேர்க்கும்போது சிஸ்டர் சில கேள்வி கேட்டு ஒரு மதிப்பெண் போடுவார். பல இடங்களில் 'மோர்ஸ் அளவுகோல்' என்ற முறை இருக்கும், 1989இல் வெளியானது. நம்ம கதையில் வரும் அப்பாவுக்கே போட்டுப் பார்ப்போம். மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை விழுந்திருந்தால் 25. நிமோனியாவோடு சர்க்கரை நோயும் இருப்பதால் 15. நடக்கும்போது சுவரையும் கட்டிலையும் பிடித்துக்கொண்டு போனால் 30 (கைத்தடியோ வாக்கரோ வைத்திருந்தால் 15தான், பாருங்க). கையில் ட்ரிப்ஸ் ஊசி இருப்பதற்கு 20. நடை தளர்ந்திருந்தால் 10. எல்லாம் கூட்டினால் 100. வழக்கமாக 45ஐத் தாண்டினாலே அதிக ஆபத்து என்று எடுத்துக்கொள்வார்கள். பல மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர் கையில் மஞ்சள் பட்டை கட்டுவார்கள்.

இந்த மதிப்பெண்ணில் கடைசியாக ஒரு கேள்வி இருக்கு. தன்னால் எவ்வளவு முடியும் என்று நோயாளிக்குச் சரியாகத் தெரியுமா? "நானே போயிக்குவேன்" என்று சொல்லும் அப்பாவுக்கு இதில் இன்னும் 15 சேரும்.

விழுந்த கதையைச் சிஸ்டரிடம் சொல்ல நம்மில் பலருக்குக் கூச்சம். "இல்லம்மா, நல்லாத்தான் நடப்பார்" என்று சொல்லிவிடுகிறோம். அப்பாவே "அது சும்மா வழுக்குச்சு" என்று மறைப்பார். அந்த ஒரு பொய்யில் 25 மதிப்பெண் காணாமல் போகிறது, மஞ்சள் பட்டையும் வராது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. கூடவே எல்லா மாத்திரைப் பட்டையையும் போனில் போட்டோ எடுத்துக் காட்டுங்க. தூக்க மாத்திரை, பிபி மாத்திரை, நீர் பிரிய வைக்கிற மாத்திரை மூன்றுமே விழுவதோடு சம்பந்தப்பட்டவை. நீர் மாத்திரையைக் காலையிலேயே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டால் ராத்திரி நடையே குறையலாம். நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம்.

படுக்கப் போகும் முன்னால் அப்பாவை ஒரு தடவை பாத்ரூம் கூட்டிப் போயிட்டு வாங்க. கட்டிலைக் கைப்பிடி சுற்றியோ பட்டன் அழுத்தியோ முடிந்த அளவு கீழே இறக்கச் சொல்லுங்க. டாக்டர் பார்க்க உயர்த்திய கட்டில் அப்படியே உயரத்தில் நிற்பதுதான் வழக்கம். சக்கரத்தின் பிரேக்கைக் காலால் அழுத்திப் பாருங்க. கண்ணாடி, தண்ணீர், அழைப்பு மணி மூன்றும் அவர் கைக்கு எட்டணும். உங்க பாயை, அவர் பாத்ரூமுக்குப் போகும் பக்கம் விரிக்காதீங்க. உங்க மேலேயே தடுக்கி விழுவார். எழுந்தால் உடனே நிற்காமல் காலைத் தொங்கப்போட்டு ஓரிரு நிமிஷம் உட்காரணும். சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

எல்லாவற்றையும்விட, தூங்குவதற்கு முன்னால் வாய் திறந்து சொல்லணும்: "அப்பா, ராத்திரி எத்தனை தடவை வேணும்னாலும் எழுப்புங்க. நீங்க எழுப்பலைன்னாதான் எனக்குக் கஷ்டம்." இதைச் சொல்லாமல் அவராக எழுப்ப மாட்டார்.

பக்கத்துக் கம்பியை, அதாவது சைடு ரெயிலை, ஏற்றி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறோம். மயக்கத்தில் இருப்பவர் உருண்டு விழாமல் இருக்க அது உதவும். ஆனால் குழப்பத்தில் இருக்கும் முதியவர் கம்பி மேல் ஏறிக் குதிக்கப் பார்ப்பார், அப்போ விழும் உயரம் இன்னும் கூடிவிடும். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் தலை சிக்கி உயிரே போன சம்பவங்கள் அமெரிக்காவில் மட்டும் 500க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அங்கே அரசு அமைப்பு பரிந்துரைத்த அளவு, இடைவெளி 12 செ.மீ.க்குக் குறைவாக இருக்கணும் என்பது. ஒரு ஸ்கேல் இருந்தால் நீங்களே அளந்துடலாம்.

இந்த அளவு வீட்டில்தான் அதிகம் தேவைப்படும். டிஸ்சார்ஜ் ஆனதும் கட்டிலை வாடகைக்கு எடுத்துப் போடுவது இப்போ சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கமெல்லாம் சாதாரணமாகிவிட்டது. எடுக்கும்போது பிரேக் நாலும் பிடிக்குதா என்று பாருங்க. படுக்கைப்புண் வராமல் இருக்க மெத்தை மேல் ஏர் பெட் போட்டால் படுக்கிற மட்டம் உயர்ந்துவிடும், கம்பி அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும், ஓரமும் அமுங்கும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு ஸ்மார்ட் பெட் வாங்கணுமா? தேவையே இல்லை. ஆள் நடமாடினால் தானாக எரிகிற சின்ன விளக்கை கட்டிலுக்குக் கீழேயும் பாத்ரூம் வாசலிலும் வையுங்க. பேட்டரியில் ஓடுகிற ரிமோட் காலிங் பெல்லின் பட்டனை அப்பா தலையணைப் பக்கத்தில் ஒட்டி, மணியை உங்க அறையில் வையுங்க. விழுந்தால் தகவல் அனுப்பும் கைக்கடிகாரங்களும் இருக்கின்றன, ஆனால் ராத்திரி அது சார்ஜரில் கிடக்கும். ஆபத்து நேரம் அதுதானே!

இவ்வளவும் செய்தும் விழுந்துவிட்டால், பதறி உடனே தூக்காதீங்க. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க, எங்கே வலிக்குதுன்னு கேளுங்க. ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம், அசைக்காமல் 108ஐ அழையுங்க. தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், பேசிச் சிரித்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயே ஆகணும். உள்ளே ரத்தக் கசிவு மெதுவாகத் தெரியவரும். மருத்துவமனையில் இருக்கும்போதே விழுந்தால், அடிபடவில்லை என்றாலும் சிஸ்டரிடம் சொல்லிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்க.

இனி யாரைக் கேட்பது? 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது மாடம்பாக்கமும் அதில் சேர்ந்தது. உங்க பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்க. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருவதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி, ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. கால் வலுவாக இருந்தால்தான் விழாமல் நடக்க முடியும் என்பதால் இயன்முறை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீங்க. உடல்நலச் சந்தேகத்துக்கு 104, முதியோருக்கான உதவி எண் 14567.

அடிக்கடி விழுகிறார், ஏன் என்றே தெரியவில்லை என்றால் முதியோர் நலப் பிரிவில் காட்டணும். இந்தப் பிரிவுக்கு இந்தியாவில் வழிகாட்டியதே சென்னைதான். டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்று கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தாம்பரம் வந்து மின்சார ரயிலில் கிண்டிக்குப் போயிடலாம். போகும்போது மாத்திரைப் பட்டைகளும், எப்போ, எந்த இடத்தில், என்ன செய்யும்போது விழுந்தார் என்று தேதியோடு போனில் எழுதிய குறிப்பும் கையில் இருக்கட்டும்.