குறியாக்கக் கையேட்டில் எது முதலில் வர வேண்டும்?

2013-இல் வெளியான ஓர் ஆய்வு, குறியாக்கத்தைப் பயன்படுத்தும் 11,748 ஆண்ட்ராய்டு செயலிகளை ஆறு அடிப்படை விதிகளை வைத்துச் சோதித்தது. 10,327 செயலிகள், அதாவது நூற்றுக்கு 88, குறைந்தது ஒரு விதியையாவது மீறியிருந்தன. ஏஇஎஸ் போன்ற குறியாக்க முறைகளின் கணிதத்தில் குறை எதுவும் இல்லை. அவற்றைக் கையாண்ட விதத்தில்தான் கோளாறு. செயலி எழுதுபவர் இந்தக் கணிதத்தைத் தாமே நிரலாக்குவதில்லை. நிபுணர்கள் எழுதிவைத்த லைப்ரரியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். எதை, எப்படி எடுப்பது என்று அவருக்குச் சொல்வது அந்த லைப்ரரியின் கையேடு. அதனால் கையேட்டில் எது முன்னே வருகிறது, எது பின்னே போகிறது என்பதையும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும்.

பல கையேடுகள் லைப்ரரியின் உள்கட்டமைப்பை அப்படியே பின்பற்றுகின்றன, அல்லது அகரவரிசையில் அடுக்குகின்றன. அப்போது சிபிசி, இசிபி, ஜிசிஎம் என்று ஏஇஎஸ்ஸை இயக்கும் மூன்று முறைகளும் சம மதிப்புள்ளவைபோல அடுத்தடுத்து நிற்கும். உண்மையில் ஏஇஎஸ்ஸை இசிபி முறையில் இயக்கினால், தகவல் 16 பைட் துண்டுகளாகப் பிரிந்து, ஒரே மாதிரியான துண்டுகள் பூட்டிய பிறகும் ஒரே மாதிரியாகவே இருக்கும். மூலத்தின் வடிவம் வெளியே தெரிந்துவிடும். ஜாவாவில் முறையைக் குறிப்பிடாமல் ஏஇஎஸ் என்று மட்டும் கேட்டால் வழக்கமாகக் கிடைப்பது இந்த இசிபிதான். அகரவரிசை, தேடும் பெயர் ஏற்கெனவே தெரிந்தவருக்கே உதவும். சாதாரண நிரலாளரோ 'இந்தக் கோப்பைப் பூட்ட வேண்டும்', 'கடவுச்சொல்லைச் சேமித்துவைக்க வேண்டும்' என்ற தேவையோடுதான் வருகிறார். கையேடு அந்தத் தேவையிலிருந்து தொடங்க வேண்டும்.

பைத்தான் மொழியின் 'கிரிப்டோகிராஃபி' லைப்ரரி இதற்கு நல்ல முன்மாதிரி. அதன் கையேடு முதலில் வைப்பது, தேர்வுகளை லைப்ரரியே செய்துவிட்ட எளிய கருவிகளை. அவற்றில் ஒன்றான ஃபெர்னெட், தகவலைப் பூட்டுவதோடு, இடையில் யாரேனும் அதைத் திருத்தியிருந்தால் திறக்கவும் மறுத்துவிடும். அடிப்படை உறுப்புகள் எல்லாம் 'அபாயகரமான பொருள்கள்' என்று பொருள்படும் 'ஹாஸ்மட்' பிரிவில், கடும் எச்சரிக்கையோடு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பூச்சிமருந்தை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காத விவேகம் இது. 'ஹாஸ்மட்' என்ற பெயரை நிரலிலும் எழுதியாக வேண்டும் என்பதால், பிறகு சரிபார்ப்பவர் கண்ணிலும் எச்சரிக்கை படும்.

இப்படி ஒதுக்குவது நிபுணருக்கு இடைஞ்சல் என்று சொல்லலாம். பழைய அமைப்புகளோடு பேசவேண்டிய நிரலுக்குப் பழைய முறைகளும் தேவைதான். ஆனால் ஒதுக்குவது என்பது நீக்குவது அல்ல. பெயர் தெரிந்த நிபுணர் எந்த அத்தியாயத்தில் இருந்தாலும் தேடி எடுத்துக்கொள்வார். லைப்ரரியையே எளிமையாக்கிவிட்டால் கையேட்டைப் பற்றி ஏன் கவலை என்ற கேள்வி இதைவிட வலுவானது. 256 பைத்தான் நிரலாளர்களை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு அதற்குப் பதில் தருகிறது: எளிமையாக்கப்பட்ட லைப்ரரிகளைப் பயன்படுத்தியவர்கள்கூட, விளக்கமும் மாதிரி நிரலும் போதாதபோது தடுமாறினார்கள். சரியாக இயங்கிய தீர்வுகளில் ஐந்தில் ஒன்றை, எழுதியவர் பாதுகாப்பானது என்று நம்பினார். ஆனால் அது பாதுகாப்பாக இல்லை.

கையேட்டை யாரும் படிப்பதே இல்லை, இணையத்தில் கிடைப்பதை ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது மூன்றாவது ஆட்சேபம். 2016-இல் 54 ஆண்ட்ராய்டு நிரலாளர்களிடம் நடந்த ஆய்வில், அதிகாரபூர்வ ஆவணங்களை மட்டும் பார்த்தவர்களின் நிரல் கூடுதல் பாதுகாப்போடு இருந்தது. ஆனால் வேலையை முடித்தவர்கள் குறைவு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தை மட்டும் பார்த்தவர்களில் அதிகம் பேர் வேலையை முடித்தார்கள், ஆனால் பாதுகாப்பில் பின்தங்கினார்கள். நிரலாளர் வெளியே தேடிப்போவதற்கான காரணம் இதிலேயே தெரிகிறது: வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்துக்குக் கையேடு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு தேவைக்கும் முழுமையாக இயங்கும் மாதிரி முதலில் வர வேண்டும். குறியாக்கச் சாவியை எங்கே வைப்பது என்பது அடுத்து. மாற்று வழிகள் கடைசியில். அந்த மாதிரிகளை லைப்ரரியின் நிரலுக்குச் செய்யும் அதே தணிக்கைக்கு உட்படுத்தவும் வேண்டும். ஒரு லைப்ரரியில் உள்ள பிழையை அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். கையேட்டிலிருந்து ஆயிரம் செயலிகளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட பிழையான வரியைத் திரும்ப அழைக்க வழியில்லை.