எந்த ஊர்க் காற்று நமக்கு ஏற்றது?

தாயகம் விட்டு வந்த தமிழர் இருவர் திருமணப் பந்தலிலோ கோயில் பிராகாரத்திலோ சந்தித்துக்கொண்டால், நலம் உசாவி முடித்தபின் முதலில் எழும் பேச்சு ஊர்க் காற்றைப் பற்றியதாகவே இருக்கக் காண்கிறோம். "உங்கள் ஊரில் வெயில் எப்படி?" என்பார் ஒருவர். "வெயில் கிடக்கட்டும், வியர்வையைத்தான் தாங்க முடியவில்லை" என்பார் மற்றவர். தில்லிக்காரர் பம்பாய் மழையைப் பழிப்பார். பம்பாய்க்காரர் தில்லிக் குளிரை எண்ணி நடுங்குவார். பெங்களூர்க்காரரோ இருவரையும் இரக்கத்தோடு நோக்குவார். இவையெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சு என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். சென்ற மார்கழித் திங்களில் நமது இல்லத்தில் எழுந்த ஒரு வழக்கு அவ்வெண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது.

நாம் தலைநகருக்கு வந்து 31 ஆண்டுகள் கழிந்தன. இவ்வாண்டின் இறுதியில் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறோம். அதன்பின் எங்கே வாழ்வது என்பதே வழக்கு. கும்பகோணத்தில் தனித்து வாழும் 82 வயது அன்னையாரைத் தில்லிக்கு அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ளலாம் என்பது நமது கருத்து. பம்பாய் மாதுங்காவில் பிறந்து வளர்ந்த நம் துணைவியார், "எனக்கு ஈரக் காற்று பழகியது, ஊருக்கே போவோம்" என்றார். பெங்களூரில் பணிபுரியும் மகனோ, "வெயிலும் வேண்டாம், குளிரும் வேண்டாம், எல்லோரும் இங்கே வாருங்கள்" என்று எழுதினான். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கட்டும் என்று கார்த்திகைக் கடைசியில் அவரை அழைத்து வந்தோம்.

வெப்பம் வேறு, வேதனை வேறு

வழக்கின் முடிவைச் சொல்லுமுன், ஒவ்வொரு கட்சியின் நியாயத்தையும் ஆராய்வது முறை.

சித்திரை, வைகாசியில் சென்னையின் பகல் வெப்பம் சராசரியாக 37 டிகிரியை ஒட்டி நிற்கிறது. தில்லியில் அது 40 டிகிரி. எண்ணை மட்டும் நோக்கினால் தில்லியே கொடிது. ஆனால் அங்கும் இங்கும் வாழ்ந்தவர்களைக் கேட்டால், "தில்லி வெயில் சுடும், சென்னை வெயில் வாட்டும்" என்பார்கள். காரணம் காற்றிலுள்ள ஈரம். நம் உடல் தன் வெப்பத்தைக் கழிப்பதற்குக் கொண்டுள்ள சிறந்த வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகி மறையும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோகிறது. ஆவியானால்தான் பயன், வழிந்தோடிய வியர்வையால் பயனில்லை. வறண்ட காற்று வியர்வையைத் தோன்றிய கணமே பருகிவிடுகிறது. ஈரம் நிறைந்த கடற்கரைக் காற்றோ அதை ஏற்க மறுக்கிறது. ஆகவே சட்டை நனைந்தும் உடல் குளிர்வதில்லை.

தில்லி வீடுகளில் சன்னலோரம் இரையும் கூலர் என்னும் பெட்டியின் இரகசியமும் இதுவே. நனைந்த தட்டியின் வழியே காற்று புகுந்து வரும்போது நீர் ஆவியாகிறது, காற்று குளிர்கிறது. நம் முன்னோர் வாயிலில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டு நீர் தெளித்ததும் இதே முறைதான். வைகாசியில் அமுதமாயிருக்கும் அந்தக் கூலர், ஜூன் இறுதியில் பருவமழை வந்து காற்றில் ஈரம் ஏறியதும் வெறும் இரைச்சலாகிவிடுவதைத் தலைநகர்வாசிகள் அனைவரும் அறிவர்.

மேற்கே பாலைநிலத்திலிருந்து தில்லியின்மேல் வீசும் அனற்காற்றை இவ்வூரார் 'லூ' என்கின்றனர். வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் வகுத்த பழந்தமிழர், மேல்காற்றுக்குக் கோடை என்றே பெயரிட்டனர். தமிழ்நாட்டிலிருந்து வந்து முதன்முதலாக லூவில் அகப்பட்ட நாளில்தான் அப்பெயரின் பொருத்தம் நமக்கு விளங்கிற்று.

வடாமும் வீணையும்

நம் துணைவியார் வேறு வகையான சான்றுகளைக் காட்டுவார். அவரது நூலகம் அடுக்களை. தில்லிக் கோடையில் மாடியில் இட்ட வடாம் ஒரே பகலில் கலகலவென்று காய்ந்துவிடும். இது வறண்ட காற்றுக்கு அவர் தரும் ஒரே நற்சான்று. தை பிறந்தால் குற்றப்பத்திரிகை தொடங்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் இயல்புடையது. ஆகவே மூன்று திங்கள் அது புட்டியில் கல்லாகக் கிடக்கிறது. இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் அரைத்தபடியே இருக்கிறது. அதற்குக் கம்பளி போர்த்த வேண்டும். பால் தயிராக மறுக்கிறது. உதடு வெடிக்கிறது, குதிகால் பிளக்கிறது.

மாதுங்காவில் வாழும் அவர் தங்கையின் கடிதங்களோ எதிர்வழக்காடும். ஆடி மாதத்தில் அங்கே உப்பு ஜாடியில் நீர் கசிகிறது; அப்பளம் துவள்கிறது; துவைத்த சேலை மூன்று நாளாகியும் உலர்வதில்லை; மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதியில் நிற்க மறுக்கிறது. ஆனால் வீணைக்குத் தில்லிதான் பகை என்று நம் துணைவியார் பதிலிறுப்பார். வீணையின் மெட்டுகளைத் தாங்கி நிற்பது மெழுகு. வைகாசி வெயிலில் அது இளகி மெட்டுகள் நழுவுகின்றன.

மகனின் கட்சிக்கும் வலு உண்டு. பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவிதி. இயற்கை தந்த இந்தச் சலுகையால் அங்கே பகைமை பாராட்டும் பருவம் குறைவு. ஆயினும் காற்று இனிதாயிருந்தால் மட்டும் போதாது, குழாயில் நீரும் வரவேண்டும் என்பதை 2024 ஆம் ஆண்டின் கோடை அந்நகரத்தாருக்கு உணர்த்தியது. சென்னை அந்தப் பாடத்தை 2019-இல் கற்றது; 2015-இல் வெள்ளத்தின் பாடத்தையும் கற்றிருந்தது. நாம் போற்றும் தில்லியின் குளிர்காலமோ, இப்போது ஐப்பசி கார்த்திகையில் புகையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருகிறது. குற்றமற்ற ஊர் ஒன்றைத் தேடிப் புறப்பட்டவர் வீடு சேரமாட்டார்.

பழக்கம் என்னும் போர்வை

ஒருவருக்கு இனிப்பது மற்றவருக்குக் கசப்பது ஏன்? பழக்கமும் ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர் கூறுகின்றனர். அகமதாபாத், பெங்களூர், சென்னை, தில்லி, சிம்லா ஆகிய 5 நகரங்களின் அலுவலகங்களில் பணிபுரிவோரைப் பல பருவங்களிலும் வினவி, அகமதாபாத்திலுள்ள செப்ட் பல்கலைக்கழகத்தார் 2014 ஆம் ஆண்டில் இந்தியர்க்கென ஓர் அளவுகோல் வகுத்தனர். சன்னலைத் திறந்து வைத்து வாழும் கட்டடங்களில், வெளியே வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்து நிலைத்தால், மக்கள் இதமென்று கருதும் வெப்பமும் ஏறத்தாழ அரை டிகிரி உயர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. மனமும் உடலும் ஊரோடு ஒத்துப்போகின்றன.

உடல் ஒத்துப்போவதற்கு ஒரு கணக்கும் உண்டு. வெப்பமிகு ஊருக்கு வந்தவரின் உடல் 10 முதல் 14 நாட்களில் பெரிதும் பழகிவிடுகிறது. வியர்வை விரைவில் தொடங்குகிறது. அதில் உப்பு குறைகிறது. இதயத்தின் பளு தணிகிறது. வந்த வாரத்திலேயே "இந்த ஊர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தீர்ப்புச் சொல்வது விசாரணை முடியுமுன் எழுதிய தீர்ப்பாகும். பழகிய உடலும் ஊரை விட்டு நீங்கிய சில வாரங்களில் அப்பழக்கத்தை மறந்துவிடும். 31 ஆண்டுக்குமுன் கும்பகோணத்து வெயிலில் பந்தாடிய நாம், இப்போது விடுமுறைக்குச் சென்றால் முற்பகலிலேயே திண்ணையில் சாய்ந்துவிடுவது அதனால்தான்.

அன்னையார் சொன்னதும் அறை சொன்னதும்

இவ்வளவும் அறிந்திருந்தும் நாம் ஒரு செய்தியை அறியாதிருந்தோம்.

வந்த நாள் முதல் அன்னையார் தம் வழக்கப்படி விடியற்காலையில் எழுந்து நீராடி, விளக்கேற்றி, வாசலில் கோலமிட்டு வந்தார். வெந்நீருக்குக் கீஸர் இருந்தது. மாற்றுவதற்குக் கம்பளி இருந்தது. போர்த்திக்கொள்ள ரஜாய் இருந்தது. "குளிருகிறதா அம்மா?" என்று நாம் நாடோறும் கேட்போம். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இது மார்கழிதானே? எனக்கு ஒன்றும் குளிரவில்லையடா" என்பார். நாமும் மனநிறைவோடு அலுவலகம் செல்வோம்.

மார்கழி நடுவில் ஒருநாள் காலை, கோலப்பொடிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அவர் கூடத்தில் அமர்ந்திருக்கக் கண்டோம். கோலம் போடப்படவில்லை. அழைத்தோம், மறுமொழி மெல்ல வந்தது, சொற்கள் குழறின. கையைத் தொட்டோம், கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. அப்போதும் அவர் சொன்னது, "குளிரவில்லையடா" என்பதே.

மருத்துவர் வந்து, உடலின் உள்வெப்பமே தாழ்ந்துவிட்டது என்றார். போர்வையும் சூடான பானமும் மருந்தும் நண்பகலுக்குள் அவரை மீட்டுத் தந்தன. பின்பு மருத்துவர் நம்மைத் தனியே அழைத்து, அன்னையார் பொய் சொல்லவில்லை என்று விளக்கினார். முதுமையில் தோலின் குருதி நாளங்கள் குளிருக்கு ஏற்பச் சுருங்கும் திறன் குறைகிறது, நடுக்கம் குறைகிறது, குளிர்கிறது என்னும் உணர்வே மங்குகிறது. கோடையிலும் அப்படியே. வியர்வை குறைகிறது, தாகம் தோன்றுவதில்லை. "தாகமில்லை" என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டு முதியவர் உலர்ந்துபோவார். ஆகவே முதியோரிடம் "குளிருகிறதா?" என்று கேட்டுவிட்டு இருந்துவிடுவது போதாது, அறையைக் கேட்க வேண்டும்.

அன்று மாலையே ஒரு வெப்பமானி வாங்கி அன்னையாரின் அறையில் மாட்டினோம். மறுநாள் விடியலில் அது 13 டிகிரி காட்டிற்று. குளிர்நாடுகளில் வீட்டினுள் வெப்பம் 18 டிகிரிக்குக் குறையலாகாது என்றும், முதியோர்க்கு அதனினும் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்றும் உலக நல நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியிருக்கிறது. தில்லி குளிர்நாடன்று, ஆயினும் தை மாதத்து விடியலில் இங்கே சராசரி வெப்பம் 7 டிகிரியை ஒட்டித் தாழ்கிறது. நம் வீடுகளோ கோடைக்கென்று கட்டப்பட்டவை. கல்தளமும் உயர்ந்த சாளரமும் கொண்டவை. வெளியே இளவெயில் காயும்போதும் உள்ளே குளிர் குடியிருக்கும்.

தீர்ப்பு

அன்றிரவு நம் துணைவியார் கேட்ட ஒரு கேள்வி இன்றும் செவியில் நிற்கிறது. "அம்மாவுக்காகத்தான் தில்லி என்கிறீர்கள். அம்மாவுக்காகவா, உங்களுக்காகவா?"

மறுமொழி சொல்ல நமக்கு வாய் எழவில்லை. நல்ல மருத்துவமனை உண்டு, மகன் வந்துபோக விமானம் உண்டு என்று நாம் அடுக்கிய காரணங்களுக்கெல்லாம் பின்னால், மாசி மாதத்துத் தில்லி வெயிலில் நாற்காலி போட்டு ஆரஞ்சு உரித்துத் தின்னும் நமது ஆசை ஒளிந்திருந்தது. நமக்கு இனிய காற்றை அன்னைக்கும் இனியது என்று கருதி, அவர் சொன்ன "குளிரவில்லை"யை நமக்குச் சாதகமான சாட்சியமாக ஏற்றுக்கொண்டோம்.

பொங்கல் முடிந்ததும் அன்னையாரைக் கும்பகோணத்தில் கொண்டு சேர்த்தோம். அங்கும் ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறோம். சித்திரை, வைகாசியில் தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மணிக்கொரு முறை நீரோ மோரோ அருந்துவது என்றும், அண்டை வீட்டார் நாளுக்கு இருமுறை எட்டிப் பார்ப்பது என்றும் ஏற்பாடு. ஓய்வு பெற்றதும் நாமும் துணைவியாரும் அவரோடு சென்று வாழ்வது என முடிவாயிற்று. கோடையின் நடுவில் போய் இறங்காமல், மாசியிலேயே சென்றுவிடத் திட்டமிட்டிருக்கிறோம். வெயில் படிப்படியாக ஏறும்போது மறந்துபோன பாடத்தை உடலும் படிப்படியாக மீண்டும் கற்றுக்கொள்ளும்.

நம்மைப்போல் வெளியூர்களில் வாழும் அன்பர்கள் பலருக்கு இவ்வழக்கு இன்றோ நாளையோ வரக்கூடும். பெற்றோரை அழைத்து வருவதானால் ஐப்பசியிலோ மாசியிலோ அழைத்து வாருங்கள். பருவத்தின் உச்சியில் வேண்டாம். முதல் இரண்டு வாரங்களுக்குக் கண்ணும் கருத்துமாயிருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்பமானி ஒன்றை அவர்கள் அறையில் மாட்டி, நாளுக்கு இருமுறை நீங்களே பாருங்கள். எந்தக் காற்று பிடிக்கும் என்று இளையவர் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். முதியவருக்கு எந்தக் காற்று தாங்கும் என்பதை நாம்தான் அறிந்து சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் தொலைபேசியில் அன்னையார், "இங்கே ஒரே புழுக்கமாக இருக்கிறதடா, நீ எப்படித்தான் இருக்கப்போகிறாயோ?" என்று கவலைப்பட்டார். "பழகிவிடும் அம்மா" என்றோம். "வெப்பமானி எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்டோம். சற்றுப் பொறுக்கச் சொல்லி, கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு போய்ப் பார்த்து வந்து, "32" என்றார்.