'ஷேடோ' எல்லாம் நிழல் அல்ல: இருளும் தடமும் பற்றிய எளிய ஆங்கிலச் சொற்கள்



மொழிபெயர்ப்பு என்றாலே நாம் கடினமான கலைச்சொற்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். இங்கே கடினமே இல்லாத சில ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்கிறேன்: ஷேடோ, ஷேட், டார்க், டிரேஸ். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்தான், சிக்கலே அதில்தான் இருக்கிறது. 'போட்டோசிந்தசிஸ்' என்று வந்தால் மாணவர் நின்று யோசிப்பார், அகராதியைத் திறப்பார். 'ஷேடோ' என்று வந்தால் கை தானாக 'நிழல்' என்று எழுதிவிடும்.

ஒரு வாக்கியம் பாருங்க: 'ஹி லிவ்ட் இன் ஹிஸ் பிரதர்ஸ் ஷேடோ.' வகுப்பில் இதைக் கொடுத்தால் பெரும்பாலோர் 'அவன் தன் அண்ணனின் நிழலில் வாழ்ந்தான்' என்று எழுதுகிறார்கள். எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை. பொருள்தான் தலைகீழ். ஆங்கில வாக்கியத்தில் அண்ணனுடைய புகழ் தம்பியை மறைக்கிறது. அவன் திறமை யார் கண்ணிலும் படவில்லை. தமிழ் வாக்கியத்தைப் படிப்பவரோ, அண்ணன் தம்பியை அரவணைத்துக் காப்பாற்றினார் என்று புரிந்துகொள்வார். நல்ல அண்ணன், கொடுத்துவைத்த தம்பி!

தமிழில் நிழல் பெரும்பாலும் நல்லது. வெயிலில் நடந்தவனுக்குத்தான் நிழலின் அருமை தெரியும் என்று சொல்கிறோம். அரசனின் வெண்கொற்றக்குடையை நம் பழம்பாடல்கள் பாடுவதும் அதன் நிழல் குடிமக்களைக் காக்கிறது என்ற பொருளில்தான். குளிர்ச்சி, அருள், காப்பு எல்லாம் 'நிழல்' என்ற சொல்லுக்குள் உண்டு. ஆங்கிலமோ இந்த வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. மரத்தடியில் ஒதுங்கினால் 'ஷேட்', சுவரில் விழும் கறுப்பு உருவம் 'ஷேடோ'. இதமும் காப்பும் பெரும்பாலும் முதல் சொல்லுக்குப் போய்விட்டன. மறைப்பும் பயமும் இரண்டாவதற்கு. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் 'ஷேடோ' வரும்போதெல்லாம் 'நிழல்' போட்டால், கேட்காமலேயே அந்த இதமும் சேர்ந்து வந்துவிடும்.

அப்படியானால் அந்த வாக்கியத்தை எப்படி எழுதுவது? நான் வகுப்பில் செய்வது இதுதான். முதலில் 'ஷேடோ' என்ற சொல்லை மறந்துவிடச் சொல்வேன். 'என்னதான் நடந்துச்சு, உங்க பாட்டிகிட்ட சொல்ற மாதிரி சொல்லு' என்பேன். மாணவர் உடனே, 'அண்ணன் பேருதான் எல்லாருக்கும் தெரியும், இவன யாரும் கண்டுக்கல' என்பார். அவ்வளவுதான், மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. இனி அதை எழுத்துத் தமிழுக்கு ஏற்றினால் போதும்: 'அண்ணனுடைய புகழின் முன் அவன் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனான்.' 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வு சிங்கப்பூர் வகுப்பறைகளில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் கொடுக்கச் சொன்னது. பேச்சுத்தமிழை வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் ஒதுக்கிவைக்காமல் இப்படி எழுத்து வேலைக்கும் படியாகப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

பாட்டியைச் சும்மா உதாரணத்துக்கு இழுக்கவில்லை. பலதுறை மருந்தகத்துக்குப் பாட்டியோடு போய், டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்கிற பொறுப்பு நம் மாணவர்கள் பலருக்கு உண்டு. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து டாக்டர், 'நுரையீரலில் ஒரு ஷேடோ இருக்கு' என்கிறார். 'பாட்டி, உங்க நெஞ்சுல ஒரு நிழல் இருக்காம்' என்று பேரன் சொன்னால் அந்த அம்மா என்ன நினைப்பார்? இத்தனைக்கும் அது கறுப்புக்கூட இல்லை. எக்ஸ்ரேயில் காற்று நிறைந்த நுரையீரல்தான் கறுப்பாகத் தெரியும். டாக்டர்கள் 'ஷேடோ' என்று சொல்லும் இடம் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். 'படத்துல ஒரு திட்டு மாதிரி தெரியுது, அது என்னன்னு இன்னும் பார்க்கணுமாம்' என்று சொன்னால் செய்தியும் சரி, தேவையில்லாத பயமும் இல்லை.

மற்ற 'ஷேடோ'க்களை வேகமாகப் பார்த்துவிடலாம். நாடாளுமன்றச் செய்திகளில் வருவது 'நிழல் அமைச்சரவை'. இது தமிழில் நிலைத்துவிட்ட சொல், மாற்ற வேண்டாம். வேலையிடத்தில் ஒருவரை 'ஷேடோ' செய்வது, உடனிருந்து பார்த்துக் கற்றுக்கொள்வது. நீதிமன்றச் செய்தியில் 'ஷேடோ ஆஃப் டவுட்' வந்தால் 'சந்தேகத்துக்கு இடமின்றி'. அங்கே நிழலுக்கு வேலையே இல்லை. இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு: கதையில் பின்னால் வரப்போவதை முன்பே கோடிகாட்டும் 'ஃபோர்ஷேடோயிங்' முன்னுணர்த்தல்.

'ஷேட்' மாணவர்களுக்கு அன்றாடம் பழக்கமான சொல். பல்தெரிவு வினாவின் விடைத்தாளில் வட்டத்தை 'ஷேட்' செய்கிறார்கள், அது 'கருமையாக்குதல்'. வண்ணத்தில் வந்தால் சாயல். பொருளில் வந்தால் நுண்ணிய வேறுபாடு. இப்போது பிள்ளைகள் சமூக ஊடகத்தில் 'த்ரோயிங் ஷேட்' என்கிறார்களே, பேரைச் சொல்லாமல் ஒருவரைக் குத்திக்காட்டுவது? இதற்கு நம்மிடம் ஏற்கெனவே அருமையான சொல் இருக்கிறது: ஜாடை பேசுவது. வகுப்பில் சொல்லிப் பாருங்கள், மாணவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும்.

'டார்க்' அவ்வளவு தொல்லை தருவதில்லை. நிறத்தில் வந்தால் 'கரு' என்ற அடி கைகொடுக்கும்: கருநீலம், கரும்பச்சை, கருஞ்சிவப்பு. 'இருண்ட நீலம்' என்று எழுதாமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு. 'ஆஃப்டர் டார்க்' என்றால் இருட்டிய பிறகு, பொழுது சாய்ந்த பிறகு. ஒருவரை 'இன் த டார்க்' வைத்திருந்தால், அவருக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இதன் உறவுக்காரச் சொல்லான 'பிளாக்அவுட்' பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்சாரம் போனால் மின்தடை. ஆள் மயங்கினால், 'கண் இருட்டிக்கொண்டு வந்தது' என்ற அழகான வழக்கு இருக்கிறது. போர்க்காலத்தில் எதிரி விமானங்களுக்கு ஊர் தெரியாதபடி விளக்குகளை அணைப்பது இருட்டடிப்பு. 1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர்மீது முதல்முறை குண்டு வீசியபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன, இருட்டடிப்பு இல்லை. வரலாறு படிக்கும் மாணவர் இதை 'மின்தடை இல்லை' என்று எழுதினால் கதையே மாறிவிடும். செய்தியை வெளியே வராமல் அமுக்குவதையும் தமிழ் 'இருட்டடிப்பு' என்றே சொல்கிறது.

இனி 'டிரேஸ்'. என் பார்வையில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், காரணம் தமிழில் இதற்கு ஏராளமான சொற்கள் இருக்கின்றன. தடம், சுவடு, தடயம் மூன்றையும் மாணவர்கள் ஒன்றாகவே நினைக்கிறார்கள். நடந்து போனதால் விழுவது தடம். நடக்கிற வழியும் தடம்தான். அதனால்தான் ரயில் தடம் புரள்கிறது, மனிதன் தடம் மாறுகிறான், சாதித்தவர் தடம் பதிக்கிறார். போனபின் எஞ்சி நிற்கும் அடையாளம் சுவடு. குற்றம் நடந்த இடத்தில் போலீஸ் தேடுவது தடயம். ஆகவே 'கப்பல் வந்ததற்கான தடயங்களை ஆய்வாளர்கள் கண்டனர்' சரி. 'அவர் தமிழ்க்கல்வியில் தன் தடயத்தைப் பதித்தார்' என்றால் அவர் ஏதோ திருடிவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

2020 மார்ச்சில் 'டிரேஸ்டுகெதர்' செயலி வந்த நாள்களில் 'தொடர்புத் தடமறிதல்' என்ற தொடர் நமக்குப் பழகிப்போனது. ஒருவர் யார் யாரைச் சந்தித்தார் என்று வழியே பின்னோக்கிப் போவதால் 'தடம்' அங்கே பொருந்துகிறது. ஆனால் கைப்பேசி அழைப்பை 'டிரேஸ்' செய்தால், அழைப்பு எங்கிருந்து வந்தது எனக் கண்டுபிடிப்பது. குடும்ப வேரை 'டிரேஸ்' செய்தால் பூர்வீகம் தேடுவது. பாலர்பள்ளிப் பிள்ளை புள்ளிக்கோட்டில் 'டிரேஸ்' செய்தால் எழுத்தின்மேல் எழுதிப் பழகுவது.

அளவைக் குறிக்கும் 'டிரேஸ்' வேறு. பிஸ்கட் பொட்டலத்தில் 'மே கன்டெய்ன் டிரேசஸ் ஆஃப் நட்ஸ்' என்று பார்த்திருப்பீர்கள். 'கொட்டைகளின் தடயங்கள் இருக்கலாம்' என்று ஒரு மாணவர் எழுதினால் சிரிக்கத் தோன்றும். ஆனால் ஒவ்வாமை உள்ள பேரப்பிள்ளைக்குப் பாட்டி அந்த பிஸ்கட்டை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தடயம்' என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. 'கொட்டை' என்றால் மாங்கொட்டையா புளியங்கொட்டையா? 'முந்திரி, பாதாம் போன்றவை மிகச் சிறிதளவு கலந்திருக்கக்கூடும்' என்றால் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிடுவார். உணர்ச்சிக்கும் இதே அளவுதான் பொருள்: 'அவர் குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை', 'துளியும் கோபமில்லை'.

வகுப்பில் செய்து பார்க்கச் சில சூழல்கள் தருகிறேன். ஒவ்வொன்றையும் முதலில் பேச்சுத்தமிழில் சொல்லவைத்து, பிறகு எழுதவையுங்கள்.

நோயிலிருந்து மீண்டவரைப் பார்த்து, அவர் பழைய ஆளின் 'ஷேடோ' என்கிறார்கள்.
தேர்தலில் யாரும் எதிர்பார்க்காத ஒருவர் 'டார்க் ஹார்ஸ்' ஆகிறார்.
பணத்தோடு ஒருவன் 'வித்அவுட் எ டிரேஸ்' மறைந்துவிட்டான்.
மாணவி பேச்சில் நேரத்தின் 'டிரேக்'கை 'லாஸ்' செய்துவிட்டாள்.

மூன்றாவதற்கு 'சுவடே தெரியாமல்' என்று எழுதுபவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். 'கம்பிநீட்டிவிட்டான்' என்று எழுதுபவருக்கு, அது சிறுகதையா செய்தி அறிக்கையா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.