குழந்தைகளுக்கு விற்ற கொடூரன்

1979-இல் வந்த 'ஏலியன்' படத்தை அமெரிக்காவில் 17 வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாது. ஆனால் கென்னர் நிறுவனம் அந்தப் படத்தில் வரும் விண்வெளிக் கொடூரனை 18 அங்குலப் பொம்மையாக்கிக் குழந்தைகளிடம் விற்கப் பார்த்தது! விசையை அழுத்தினால் வாய்க்குள்ளிருந்து இன்னொரு வாய் நீளும். ஒளி ஊடுருவும் தலைமூடிக்குள் மண்டை ஓடு இருட்டில் ஒளிரும். பெற்றோர் கொதித்தார்கள், விற்பனை படுத்துவிட்டது. இன்று பழம்பொம்மை சேகரிப்பவர்கள் வலைவீசித் தேடுவது இதைத்தான். வாங்குகிறவர் முதலில் தலைமூடியையும் முதுகு முட்களையும்தான் பார்ப்பார். பெரும்பாலும் தொலைந்துபோவது அவைதான். பழைய அட்டைப்பெட்டியும், உடன் வந்த சுவரொட்டியும் இருந்துவிட்டால், விலை எங்கேயோ போய்விடும்.