கோடையில் தளிர்க்கும் வன்னி

தார் பாலைவனத்தில் கோடை முற்றினால் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். கிணறு வற்றி, புல் கருகிக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் கேஜ்ரி மரம் புதுத் தளிர் விட்டு, பூத்து, காய்த்து நிற்கிறது. நாம் வன்னி என்று கும்பிடும் மரம்தான். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தலமரம்.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் பூவில் அந்தச் சாயலே இருக்காது. விரல் நீளக் கதிரில் வெளிர்மஞ்சள் பொடிப்பூக்கள் நெருக்கியடித்திருக்கும். காய் தொங்கத் தொடங்கியதும் குடும்பம் தெரிந்துவிடும். அந்தப் பிஞ்சுக் காய்தான் சாங்ரி. வேகவைத்து உலர்த்தி வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் கெடாது. கேர் என்னும் புதர்க்காயோடு சேர்த்துச் சமைப்பார்கள். 1868-69 பஞ்சத்தில் பட்டையையே இடித்து மாவாக்கித் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

ஆணிவேர் 30 மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. அதனால் மேல்மண்ணின் ஈரத்துக்குப் பயிரோடு அதிகம் மல்லுக்கட்டாது. உதிரும் இலை மண்ணுக்கு உரம். மரத்தடிக் கம்பு மற்றதைவிடச் செழித்து வளர்வதை ராஜஸ்தான் விவசாயி நன்றாக அறிவார். நட்ட நடு வயலில் மரத்தை விட்டுவைத்து உழுவது அதனால்தான். கார்த்திகை, மார்கழியில் கிளை கழிப்பார்கள். குளிர்காலப் பயிருக்கு வெயில் கிடைக்கும், உலர்ந்த இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாகும். அதற்கு லூங் என்று பெயர். ஆனால் முழுக்கக் கழித்த மரத்திடம் அடுத்த கோடையில் காயை எதிர்பார்க்க முடியாது. தீவனமா, காயா என்று மரத்துக்கு மரம் முடிவெடுக்க வேண்டும்.

1730இல் ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் கேஜர்லி கிராமத்துக்கு கேஜ்ரி மரம் வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி முதலாக 363 பிஷ்னோய் சமூக மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்தபடியே வெட்டுண்டு இறந்தார்கள். அவர்கள் காத்தது வெறும் நிழலை அல்ல, சோற்றையும் தீவனத்தையும்தான்.

1983இல் கேஜ்ரி ராஜஸ்தானின் மாநில மரமானது. ஆனாலும் இப்போது நிலைமை நன்றாக இல்லை. நிலத்தடி நீர் இறங்குகிறது. வேரைத் துளைக்கும் வண்டும் பூஞ்சையும் வளர்ந்த மரங்களைச் சாய்க்கின்றன. என் கவலை அதைவிடக் கன்றுகளைப் பற்றியது. ஒட்டகம் பூட்டிய ஏர், தானாக முளைத்த கன்றைச் சுற்றிக்கொண்டு போகும். டிராக்டர் அதையும் சேர்த்துப் புரட்டிவிடுகிறது. பிகானேரில் உள்ள மத்திய வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனம் 'தார் ஷோபா' என்ற ரகத்தை மொட்டு ஒட்டு முறையில் பெருக்கித் தருகிறது. விதையில் முளைத்த மரத்துக்கு வெகு முன்பே காய்த்துவிடுவதால், சாங்ரிக்காகவே தோப்பு வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.